நானூற்றுப் பன்னிரண்டாம் கோப்பின் சூடு

ஏழுசுனை மலை அரசு ஆஸ்பத்திரியில் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் கோப்பு சூடேறத் தொடங்கியது, அது திறக்கப்பட்டு ஒன்பதாவது வருஷம், குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப்போகிற மார்கழி மாதத்து ஒரு காலையில். அதை முதலில் கண்டுபிடித்தது அலுவலக அறைப் பூனை. மேஜைமேலும் பீரோமேலும் எத்தனையோ கோப்புகள் கிடக்க, அது நேராக நானூற்றுப் பன்னிரண்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது, விரட்டியும் இறங்கவில்லை, மத்தியானத்துக்குள் அதன்மேலேயே நான்கு குட்டிகளைப் போட்டுவிட்டது.

விரட்டியவர் மாதையன், எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே குமாஸ்தா. நான் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவன். அவருடைய மேஜை எனக்குப் பக்கத்து அறையில், நடுவில் திறந்த வாசல்தான், கதவு கிடையாது. ஆகவே இதில் நான் சொல்வது பெரும்பாலும் கேள்விப்பட்டதல்ல, பார்த்தது. பூனையையும் குட்டிகளையும் அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டு மாதையன் கோப்பைத் துடைக்கப் போனார், துடைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார், பிறகு என்னைக் கூப்பிட்டார். நானும் தொட்டேன். அப்போதுதான் கறந்த பால் இருக்கிற செம்பைத் தொட்டதுபோல இருந்தது. பூனையின் சூடாக இருக்கும் என்று மறுநாள்வரை பொறுத்துப் பார்த்தோம். மறுநாள் பிலோமினா சிஸ்டர் வந்து, கோப்பைக் கட்டியிருந்த நாடாவுக்கு அடியில் தெர்மாமீட்டரைச் செருகி, முப்பத்தாறு புள்ளி எட்டு என்று படித்துச் சொன்னார். டாக்டர் கோமதிநாயகம் அறைக்கு வந்து பார்த்து, இனி இந்தக் கோப்பின்மேல் யாரும் டீ கிளாஸ் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதோடு எங்கள் ஆச்சரியம் முடிந்தது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

கோப்பின் பொருள், பச்சிளங்குழந்தைகளுக்கான வெப்பமூட்டும் கருவி ஒன்று கொள்முதல் செய்தல் தொடர்பாக, என்பது. நர்சுகள் அதை வார்மர் என்பார்கள். குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் நெஞ்சில் கிடத்தினால் பிழைத்துக்கொள்ளும், தாய்க்கே காய்ச்சலும் ஜன்னியும் என்றால் அந்தக் கருவியில் வைக்க வேண்டும், அது எங்களிடம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாதையனின் மனைவி அங்கம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பஞ்சில் சுற்றி ஆம்புலன்சில் கீழே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மலைப்பாதையில் மொத்தம் இருபத்தொன்பது வளைவுகள். பிள்ளை பதினோராவது வளைவுவரை இருந்தது. மாதையன் அன்று சாயங்காலமே திரும்பி வந்து, குழி தோண்டிய கையைக் கழுவிவிட்டு, டைப் மிஷினின் முன்னால் உட்கார்ந்து, அப்போதிருந்த டாக்டரின் கையெழுத்துக்காகக் கருவி வேண்டும் என்ற கடிதத்தை அடித்தார். அதுதான் கோப்பின் முதல் பக்கம்.

அதற்குப் பிறகு வந்த பக்கங்களை நான் சொல்லி முடியாது. புதிய கருவி வாங்குவதானால் பழைய கருவி கழிவு செய்யப்பட்டதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். பழைய கருவி என்று ஒன்று எங்களுக்கு இருந்ததே இல்லை என்று எழுதினோம். இருந்ததில்லை என்பதற்கு இருப்புப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டார்கள். இல்லாத பக்கத்துக்கு எப்படி நகல் எடுப்பது என்று மூன்று நாள் யோசித்த மாதையன், கடைசியில் பதிவேடு முழுவதையும் நகல் எடுத்து, இதில் எங்கும் இல்லை என்று குறிப்பெழுதி அனுப்பினார். மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள். மலை ஏறி வந்து பழுது பார்ப்பேன் என்று சொன்ன கம்பெனி ஒன்றே ஒன்றுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிடுவது என்று திரும்பி வந்தது. மூன்று கிடைத்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்தபோது விலை ஏறியிருந்தது. விலையைத் திருத்தியபோது மார்ச் முப்பத்தொன்று தாண்டி ஒதுக்கீடு காலாவதியாகியிருந்தது. ஒதுக்கீடு மறுபடி வந்தபோது கருவிக்கான தர அளவுகளை மாற்றியிருந்தார்கள். ஒரு வருஷம், மலைப்பகுதியில் இயற்கையான வெயில் இந்த நோக்கத்துக்குப் போதாதா என்று ஒரு கேள்வி வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குப் பதில் எழுதினார் மாதையன்.

கேட்டவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். எவனோ எப்போதோ அரசாங்கத்துச் சாமானில் கை வைத்திருப்பான், அவனைப் பிடிக்க ஒரு வலை போட்டிருப்பார்கள், அவன் தப்பித்துப் போயிருப்பான், வலை அப்படியே கிடந்திருக்கும். நாங்கள் அதில் விழுந்தோம். ஒவ்வொரு பதிலிலும் முந்தைய கடிதங்களையெல்லாம் பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று வரிசையாகக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. ஆகவே எந்தக் கேள்வி வந்தாலும் மாதையன் கோப்பின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கித் திரும்பப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவார். ஒன்பது வருஷமாக.

கோப்பின்மேல் முதலில் கிடந்த பிள்ளை தை மாதத்தில் பிறந்தது. தாய்க்கு நினைவில்லை, பதினேழாவது வளைவில் சரக்கு லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டிருந்தது, பிள்ளையின் உள்ளங்கால் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. பிலோமினா சிஸ்டர் யாரையும் கேட்கவில்லை. அலுவலக அறைக்கு வந்து, மாதையன் ஏதோ எழுதிக்கொண்டிருந்த கோப்பை அவர் கைக்கு அடியிலிருந்தே உருவி எடுத்து, நாடாவை இறுக்கி, நாலு மடிப்புத் துணியை விரித்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, சுற்றிக் கம்பளியை அணைத்துவிட்டார். அரை மணியில் கால் சிவந்தது. மூன்று வாரத்தில் பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. பகலில் பிள்ளை பால் குடிக்கிற கால் மணி நேரத்தில் மாதையன் வார்டுக்குப் போய், நின்றபடியே கோப்பில் தன் வேலையைப் பார்த்துவிட்டு வருவார்.

மலை இதை ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. பிரசவத்துக்கு வருகிற பெண்கள் கோப்பு காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கீழே வைத்தார்கள். அதில் கிடந்து பிழைத்த பிள்ளைகளை ஊரில் நானூத்திப் பன்னெண்டு என்றே கூப்பிட்டார்கள், பேர் வைக்கிற அன்று மாதையனைக் கூப்பிட்டுப் பந்தியில் முதல் இலை போட்டார்கள். ஒருத்தர் கோப்புக்கு மாலை கொண்டுவந்தார்; ஈரப் பூ காகிதத்துக்கு ஆகாது என்று மாதையன் வாங்கிப் பூனையின் பெட்டிமேல் போட்டார். தாலுகா ஆபீசுக்குப் போனவர்கள் பட்டா மாற்றக் கோப்புகளையும் விதவைப் பென்ஷன் கோப்புகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் கோப்பு மட்டும் லேசாக வெதுவெதுப்பாக இருந்ததாகவும், அவர் அதைக் கேட்டு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்ததாகவும் சொன்னார்கள்.

சூட்டின் காரணத்தை நாங்கள் அதிகம் ஆராயவில்லை. கோப்பு ஆறுநூற்று நாற்பது பக்கம் இருந்தது; அவ்வளவு காகிதம் அவ்வளவு வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்தால் சூடேறாமல் என்ன செய்யும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மேலேயிருந்து ஒரு கேள்வி வந்து அதற்கு மாதையன் பதில் எழுதிய அன்று சூடு ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ ஏறும் என்பதை பிலோமினா சிஸ்டர் கவனித்துத் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஆகவே சூடு குறைகிறது என்று அவர் சொன்னால், மாதையன் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுவார், பத்து நாளில் அங்கிருந்து ஒரு விளக்கம் கேட்பார்கள், பதில் எழுதுவார், கோப்பு பழையபடி சூடாகும். தணிக்கைக்கு வந்தவர் வார்டில் பிள்ளைக்கு அடியில் கோப்பைப் பார்த்துவிட்டு, கருவி இல்லாமலே பணி நடைபெறுவதால் கருவிக்கான தேவை எழவில்லை எனக் கருதலாமா, விளக்குக, என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு மூன்று புள்ளி ஏறியது.

ஒரே ஒரு குறை இருந்தது. சூடான கோப்பிலேயே பிள்ளையை வைத்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாமே என்று டாக்டர் யோசித்து, மாதையனை வெறும் கோப்போடு ஒருநாள் ஆம்புலன்சில் அனுப்பிப் பார்த்தார். பதினோராவது வளைவு திரும்பியதும் அது மற்றக் காகிதம்போல ஆறிவிட்டது. திரும்பி ஏறுகையில் அதே வளைவில் மறுபடி சூடேறியது. மாதையன் வந்து இதைச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்படியாகப் பதினொரு பிள்ளைகள் பிழைத்தன. இரண்டு வருஷம் ஓடியது. அந்த வருஷம் மார்ச் மாதம் இருபத்தைந்தாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்த இணை இயக்குநர், மெஹருன்னிசா என்ற பெயருள்ள அம்மையார், நிலுவைகளையெல்லாம் தூசி தட்டிப் பார்த்திருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டில் கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். அசல் கோப்பை இருபத்தொன்பதாம் தேதி காலைக்குள் நேரில் சமர்ப்பித்தால் ஒப்புதல் வழங்கப்படும், தவறினால் ஒதுக்கீடு காலாவதியாகும். நகல் ஏற்கப்பட மாட்டாது.

அந்தச் சமயம் கோப்பின்மேல் வேடியம்மாவின் பிள்ளை கிடந்தது. பிறந்து ஆறு நாள், ஒரு கிலோ நூறு கிராம், பெண். வேடியம்மாவுக்குப் பத்தொன்பது வயது, வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம், தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை நெஞ்சில் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டால் அவளுக்கு நடுக்கம் வந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து அதை அடியில் வைத்துப் பார்த்தோம். மிஷினிலிருந்து வந்த சூடு இரண்டு நிமிஷம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

டாக்டர் அறையில் கூடினோம். கோப்பு போனால் போக வர மூன்று நாள். ஒப்புதல் ஆனால் கோப்பு முடிந்துவிடும், முடிந்த கோப்பு சூடாக இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கருவி வந்து சேர எப்படியும் நாலு மாதம். டாக்டர் சுற்றி வளைக்காமல், இந்த வருஷமும் காலாவதியாகட்டும் மாதையன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பிலோமினா சிஸ்டரும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். ஒன்பதும் இரண்டும் பதினொரு வருஷம் அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்துவிட்டு, அது வருகிற அன்று வேண்டாம் என்று சொன்னோம், அதில் எங்களுக்கு வெட்கமே இல்லாமல் இருந்தது.

மாதையன் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை.

"சார், இது சூடா இருக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் எழுதுனேன்? மெஷினுக்குத்தான எழுதுனேன். ஒரு சமயத்துல ஒரு புள்ளைதான் இதுல படுக்கும். போன ஐப்பசியில ரெட்டைப் புள்ள பொறந்துச்சே, ரெண்டாவது என்னாச்சு?"

இரண்டாவது என்னவாயிற்று என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாவது பிழைத்த சந்தோஷத்தில் அதைப் பேசாமல் விட்டிருந்தோம்.

அவர் எழுந்து வார்டுக்குப் போனார், நான் பின்னால் போனேன். வேடியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் ஒருக்களித்துப் படுத்தபடி ஒரு கையைக் கோப்பின் விளிம்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் சொல்லி முடித்ததும், "அந்த மெஷினு எம் புள்ளைக்கு வருமாண்ணா?" என்றாள்.

"வராதும்மா. அடுத்து வர்ற புள்ளைங்களுக்கு வரும்."

"அப்ப அந்தப் புள்ளைங்களோட அம்மாமாரைக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. நான் குடுக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மாதையனை அடித்தது. சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அங்கம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால், என்று என்னிடம் சொன்னார். அங்கம்மாவின் பெயரை அவர் ஆஸ்பத்திரி வளாகத்தில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அங்கம்மா. அந்தப் பதினொரு வருஷமும் அவள் மலையைவிட்டு இறங்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

மறுநாள் காலை மாதையன் பேனாவும் இங்க் பேடும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். கோப்பு போகப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது, இருந்தாலும் தணிக்கைக்குப் பிறகு சேர்ந்த தாள்களுக்குப் பக்க எண் போடவில்லை, அதையாவது போட்டுவிடுகிறேன் என்றார். மனசு சரியில்லாத நாளில் சிலர் கோயிலுக்குப் போவார்கள், மாதையன் பக்க எண் போடுவார். பிலோமினா சிஸ்டர் பிள்ளையைத் தூக்கி வேடியம்மாவின் நெஞ்சில் வைத்துப் போர்த்தி, பத்து நிமிஷம்தான், அதற்குள் முடியுங்கள் என்றார். மாதையன் நாடாவை அவிழ்த்தார். எண் சரிபார்ப்பதென்றால் முதலிலிருந்துதான் பார்ப்பார். முதல் பக்கத்தை எடுத்து இடது பக்கம் ஸ்டூலின்மேல் வைத்தார், இரண்டாம் பக்கத்தைத் தொட்டார், கை நின்றுவிட்டது.

இரண்டாம் பக்கம் சில்லென்று இருந்தது. மூன்றாவதும் அப்படியே. ஆறுநூற்றுச் சொச்சம் தாள்களையும் விசிறிபோல விரித்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எங்கள் இருப்புப் பதிவேடும், மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளிகளும், வெயில் போதாதா என்ற கேள்வியும், தணிக்கையாளரின் குறிப்பும், எல்லாம் பங்குனி மாதத்தில் எந்தக் காகிதமும் இருக்கிற மாதிரி இருந்தன. பிறகு ஸ்டூலில் கிடந்த முதல் பக்கத்தைத் தொட்டார். ஓரம் மஞ்சளாகி, டைப் எழுத்து மங்கிப்போன அந்த ஒற்றைத் தாள் கொதிக்காமல் ஆறாமல் வெதுவெதுவென்று இருந்தது. கட்டுக்கட்டாகச் சேர்ந்த காகிதத்தின் கனம்தான் சூடு என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தோம். அரசாங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

மாதையன் அந்தத் தாளை வேடியம்மாவின் கையில் கொடுத்தார். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். என்னண்ணா எழுதியிருக்குது என்று கேட்டாள். அவர் தாளைத் திரும்ப வாங்காமலே, மனப்பாடமாகச் சொன்னார்: இன்று காலை ஆறு நாற்பதுக்கு இம்மருத்துவமனையில் பிறந்த பெண் சிசு, எடை ஒரு கிலோ இருநூறு கிராம், வெப்பமூட்டும் கருவி இல்லாத காரணத்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, வழியில் பதினோராவது வளைவில் உடல் குளிர்ந்து இறந்தது, ஆகவே கருவி ஒன்று வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"யாரோட புள்ளைன்னு எழுதலையே."

"எழுத இடம் இல்லம்மா. அந்த லெட்டர்ல பேரு கேக்க மாட்டாங்க."

வேடியம்மா அவரைப் பார்த்தாள். நெஞ்சிலிருந்த பிள்ளையைச் சிஸ்டரிடம் கொடுத்து, தாளைத் துணிக்கு அடியில் தானே விரித்து, பிள்ளையை அதன்மேல் வைக்கச் சொன்னாள். தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. "மிச்சத்தை எடுத்துட்டுப் போங்கண்ணா," என்றாள்.

மிச்சத்தை எடுத்துப் போவதில் ஒரு சங்கடம் இருந்தது. பக்கம் குறைந்த கோப்பை எந்த அதிகாரியும் தொட மாட்டார். அதிலும் முதல் பக்கம் இல்லாத கோப்பு, தலை இல்லாத ஆளை அடையாளம் காட்டச் சொல்வதுபோல. மாதையன் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, முதல் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: பக்கம் 1 பயன்பாட்டில் உள்ளது. பயன்பாடு முடிந்ததும் அனுப்பி வைக்கப்படும். கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பட்டணத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, மாதையன் வந்து சொன்னது. இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு இணை இயக்குநரின் மேஜைமேல் கோப்பை வைத்திருக்கிறார். அந்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தார், சீட்டைப் படித்தார், நிமிர்ந்தார். ஒரு கடிதம் எப்படி அய்யா பயன்பாட்டில் இருக்கும் என்று கேட்டார். மாதையன் வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டு போயிருந்தார், விதி எண்ணெல்லாம் போட்டு. அது வாயில் வரவில்லை.

"ஒரு கிலோ நூத்தி முப்பது கிராம்ங்க மேடம்," என்றாராம். "பொம்பளப் புள்ள. காலைல போன்ல கேட்டேன், முப்பது கிராம் ஏறியிருக்குது."

மின்விசிறியில் தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மையார் அவற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கடைசிவரை புரட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மாதையன் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அம்மையார் பேனாவைத் திறந்து, ஒப்புதல் வழங்கப்படுகிறது என்று எழுதி, அதற்குக் கீழே, பக்கம் 1 பின்னர் பெற்றுக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதியை விடவும் இல்லை, பிள்ளையை விடவும் இல்லை. அவரும் நல்ல குமாஸ்தாவாக இருந்து மேலே போனவராகத்தான் இருக்க வேண்டும் என்று மாதையன் சொன்னார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

வேடியம்மாவின் பிள்ளை சித்திரை முடிவில் ஒரு கிலோ எண்ணூறு கிராமோடு வீட்டுக்குப் போயிற்று. முதல் பக்கத்தின்மேல் அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகள் கிடந்தன. ஆடி மாதத்தில் கருவி வந்தது. அதன் பிளக்கில் மூன்று தடித்த முனைகள் இருந்தன, எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த எந்த ஓட்டையிலும் அது நுழையவில்லை. மாதையன் சுவர்ச் சாக்கெட் கொள்முதல் தொடர்பாக ஒரு புதிய கோப்பைத் திறக்க அட்டையெல்லாம் எடுத்துவிட்டார், அதற்குள் பிலோமினா சிஸ்டர் மாவு மில் எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். விளக்கு எரிந்தது. முதல் பிள்ளையை அதில் வைத்தபோது வார்டில் இருந்த எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம், மாதையனைத் தவிர. அவர் அதுவரை அந்தப் பிள்ளைக்கு அடியில் விரித்திருந்த தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்.

கருவி வந்துவிட்டால் தாள் ஆறிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கேட்டது கிடைத்துவிட்டதே, இனி அதற்கு என்ன வேலை. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

அன்று மாதையன் நாலு மணிக்கே அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். தாளைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு போனார். அங்கம்மா பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாளாம். என்ன என்று கேட்டாளாம். அவர் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் அதைப் படிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினாள், சூடு தெரிந்ததும் பட்டென்று உட்கார்ந்துவிட்டாள், புடவைத் தலைப்பை இழுத்து அதைப் போர்த்தினாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தானா கொண்டுவரத் தோன்றியது என்று மட்டும் கேட்டாளாம். இதை மாதையன் மறுநாள் என்னிடம் சொல்லும்போது அழுதார், நானும் அழுதேன், ஜன்னலுக்கு வெளியே இருமல் மருந்துக்கு நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

மாதையன் ஓய்வு பெறும்வரைக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் வந்துகொண்டிருந்தது: மேற்படி கோப்பில் பக்கம் 1 இதுநாள்வரை வரப்பெறவில்லை, உடன் அனுப்பி வைக்கவும். அவர் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதாமல் விட்டவர் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, பார்வை எண்களை வரிசையாக எழுதி, வரி தவறாமல் ஒரே பதிலை அனுப்பினார்.

பக்கம் 1 பயன்பாட்டில் உள்ளது.